வெள்ளைக்குடைக்காரனும் மூன்று கோப்பைத் தேநீரும்

முன்னொரு காலத்திலே, கடலுக்கும் மனிதனுக்கும் எல்லை யார் போடுவது என்ற வழக்கு இன்னும் தீராமல் இருந்த காலத்திலே, கிழக்கே வெகுதூரத்தில் ஒரு கரை இருந்தது. பெரிய ஆறு ஒன்று வந்து கடலில் விழுகிற இடம் அது. அங்கே தியோச்சூ மொழி பேசும் மக்கள் வாழ்ந்தார்கள். பெரியவர்களே, பிள்ளைகளே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது பயப்பட வேண்டிய கதை.

அந்த ஊர் ஆண்கள் முகப்பில் சிவப்புச் சாயம் பூசிய செந்தலைக் கப்பலில் கடலோடினார்கள். பெண்கள் கடல்நீர் பின்வாங்கும் வற்று நேரத்தில் இறங்கி, சேற்றில் நட்டுவைத்த கற்களிலிருந்து சிப்பி கொத்தினார்கள். காலையில் கஞ்சியும் உப்பிட்ட முள்ளங்கியும். யார் வீட்டு வாசலை யார் மிதித்தாலும் முதலில் தேநீர். உள்ளங்கைக்குள் அடங்கும் மண் கூஜா, அதற்கேற்ற குட்டிக் கோப்பைகள் மூன்று. வருகிறவர் இருவரோ ஐவரோ, கோப்பை மூன்றுதான். "நீங்கள் குடியுங்கள்", "இல்லை, நீங்கள் குடியுங்கள்" என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக் குடிப்பது அவர்கள் மரியாதை.

அந்த ஊரில் எங்சூ என்று ஒருத்தி இருந்தாள். சிப்பி உடைப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. கத்தி முனை உள்ளே போவதும் தெரியாது, சிப்பி வாய் பிளப்பதும் தெரியாது. அவள் புருஷன் பெயர் ஹாக்கெங். உயரமானவன், வாயாடி. கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட முழுசாகக் கழியவில்லை. கப்பலேறும்போது, "ஏய், எனக்காக அழாதே. உப்புக் கடலில் இன்னும் உப்பு எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

போன கப்பலைச் சூறாவளி பிடித்துக்கொண்டது.

வானம் பித்தளை நிறமாயிற்று. காற்று ஓடுகளைப் பிய்த்து ஆலமரத்தில் சொருகிற்று. எல்லாம் ஓய்ந்தபின் கரைக்கு வந்தது சிவப்புச் சாயம் பூசிய ஒரு பலகை மட்டும்தான்.

பெண்கள் கடல் தாய் மாசோவின் கோயிலுக்கு ஓடினார்கள். ஊதுவத்தி கொளுத்தி, பிறை வடிவமான இரண்டு மரக்கட்டைகளைத் தரையில் போட்டுக் குறி கேட்டார்கள். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் 'ஆம்'. இரண்டும் கவிழ்ந்தால் 'இல்லை'. இரண்டும் மல்லாந்தால் தெய்வம் சிரிக்கிறது, பதில் இல்லை என்று பொருள்.

"தாயே, எங்கள் ஆண்கள் உயிரோடு இருக்கிறார்களா?"

இரண்டு கட்டையும் மல்லாந்தன. மறுபடி போட்டார்கள், மல்லாந்தன. மூன்றாம் தடவையும் மல்லாந்தன. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் கோயில் வாசலில் ஒரு கிழவன் வந்து நின்றான். கையில் வெள்ளைக்குடை. துக்கத்துக்குரிய நிறம் அது, யாரும் அந்த நிறத்தில் குடை பிடிப்பதில்லை. வெளியே மழை கொட்டியது. அவன் அங்கியிலோ ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் அவன் கால் பட்ட கல்லெல்லாம் சேறாக இருந்தது.

"தெய்வம் சிரிக்கும். நான் சொல்வேன்" என்றான் அவன். "உங்கள் ஆண்கள் என் வசம் இருக்கிறார்கள், உயிரோடு. மணல்திட்டுக்கு அப்பால் புதிதாகக் கற்கள் முளைத்திருக்கின்றன, போய்ப் பாருங்கள். தினம் ஒரு வீடு. நண்பகல் வற்றில் அந்தக் கல்லிலிருந்து ஒரே ஒரு சிப்பி. எனக்கு அடை சுட்டுப் போடுங்கள். என் பசி தீரும் அன்று உங்கள் ஆண்கள் வீடு வருவார்கள்."

"சிப்பிதானா? வேறொன்றும் வேண்டாமா?" என்று கேட்டார்கள் பெண்கள்.

கிழவன் பாட்டுப் போலச் சொன்னான்:

"சிப்பியைத் திற, சட்டியில் போடு,
என் பசி தீரட்டும், உன் ஆள் வரட்டும்!"

சிப்பிதானே! கடலையே கொத்தித் தரச் சொல்லியிருந்தாலும் அன்று அவர்கள் தந்திருப்பார்கள்.

முதல் முறை எங்சூவுடையது. நானே போகிறேன் என்று முந்திக்கொண்டாள். மணல்திட்டுக்கு அப்பால் கறுத்த கற்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு சிப்பி. குழந்தை முகம் அளவு பெரியது. ஒன்றைக் கொத்தி எடுத்தாள். கைக்குள் அது வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலின் சூடு என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கத்தியை உள்ளே விட்டாள். பன்றிக் கொழுப்பைச் சட்டியில் உருக்கி, சர்க்கரைவள்ளி மாவைக் கரைத்து ஊற்றி, முட்டை உடைத்து, வெங்காயத்தாள் தூவி, சிப்பியைப் போட்டாள். ஓரம் மொறுமொறுவென்று சிவந்தது. கிழவன் தேநீரைத் தொடவில்லை. "சாப்பிட்டபின் பார்க்கலாம்" என்றான், எங்சூவும் வற்புறுத்தவில்லை. அடையை ஒரு துண்டுகூட விடாமல் தின்றான். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவன் தாடியில் பாதி கறுத்திருந்தது.

அவன் போனபின் எங்சூ சட்டியைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க மனசு லேசாயிற்று. வாசலில் ஒரு ஜோடி பெரிய மரச்செருப்பு கிடந்தது. 'யாருடையது இது?' என்று பார்த்தாள். யாருடையதோ. ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் தனியாக வாழும் பெண். என்றுமே தனியாகத்தான் வாழ்ந்தாள் என்று அவளும் நினைத்தாள், ஊரும் நினைத்தது. போனவன் பெயரைச் சொல்ல அந்தக் கரையில் ஒரு நாக்கும் இல்லை.

விஷயம் புரிகிறதல்லவா? கல்லில் இருந்தது சிப்பி இல்லை.

மறுநாள் கிம்போ வீடு. "சிப்பியைத் திற, சட்டியில் போடு!" அவள் சுட்டாள், அவன் தின்றான். கிழவன் நடுவயதுக்காரன் ஆனான். அதற்கடுத்த நாள் தாய்ஹோங் வீடு. "என் பசி தீரட்டும், உன் ஆள் வரட்டும்!" அவளும் சுட்டாள், தின்றான். நடுவயதுக்காரன் வாலிபன் ஆனான். ஊரில் அழுகைச் சத்தம் ஒவ்வொரு வீடாகக் குறைந்துகொண்டே வந்தது.

நாலாவது முறை சியூலானுக்கு. எங்சூவின் பக்கத்து வீடு அது. சியூலானுக்குக் கடும் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. எங்சூ கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள்.

"தங்கச்சி, எனக்காக நீ போய் வா" என்றாள் சியூலான். "இன்றைக்கு நான் சுட்டுப் போடவில்லை என்றால் என் பெங்குவாட் வராமலே போய்விடுவார்."

"நீங்கள் படுங்கள் அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன்."

போகும் வழியில் கிம்போவின் வீட்டு முற்றத்தில் சின்ன மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். கிம்போ ஒரு நல்ல கனத்த சட்டையை, ஆண்பிள்ளைச் சட்டையை, தரை துடைக்கக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"கிம்போ, யார் சட்டை அது?"

"தெரியவில்லை. பெட்டியில் கிடந்தது."

"உனக்குத்தான் மகள் இருக்கிறாளே, இவள் அப்பாவுடையதாக இருக்குமோ?"

கிம்போ நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஏது வீட்டுக்காரர்?"

"எங்களுக்கு அப்பா கிடையாது" என்றாள் சின்னவள், விளையாட்டை நிறுத்தாமலே.

எங்சூ மேலே நடந்தாள். நாலு எட்டு வைத்ததும் நின்றாள். புருஷன் இல்லாதவளுக்கு மகள் எப்படி வந்தாள்? கிம்போ எதற்காகக் கோயிலில் அன்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்? அது போகட்டும், நான் எதற்காக அழுதேன்? யோசிக்க யோசிக்க அவள் நினைவு சேற்றில் புதைந்த கால் மாதிரி வர மறுத்தது.

கற்களிடம் வந்தாள். மூன்று கற்கள் மொட்டையாக நின்றன. நாலாவதில் உளியை வைத்தாள்.

"தங்கச்சி, வலிக்கிறது!"

உளி கையிலிருந்து விழுந்தது. சுற்றிலும் யாருமில்லை, சேறும் நாரையும்தான்.

"கத்தியை மட்டும் வைக்காதே, தங்கச்சி. நான் பெங்குவாட். சியூலான் புருஷன்."

எங்சூ சிப்பியோடு காதை ஒட்டிவைத்தாள். உள்ளே தண்ணீர் மொத்துகிற மாதிரி மூச்சுச் சத்தம் கேட்டது.

"அண்ணா! நீங்களா? இதற்குள்ளேயா?"

"எல்லாரும்தான். ஒரு கல்லுக்கு ஒரு ஆள். எந்த வீட்டுக்காக வருகிறார்களோ அந்த வீட்டு ஆள் இருக்கும் கல்லுக்கே கை போகும். அவன் மனுஷன் இல்லை, தங்கச்சி. கடலடியில் கிடந்த கிழட்டுச் சிப்பி. மனுஷனைத் தின்றால் மனுஷனாகலாம் என்று ஆசை. கப்பல் உடைந்த அன்று எங்களையெல்லாம் வாரிக்கொண்டான். தானே தின்றால் அவனுக்குச் செரிக்காது. சொந்த வீட்டுக் கையால் சமைத்து, விருந்தாளியாய் உட்கார வைத்துப் போட்டால்தான் செரிக்கும். ஓர் ஆளைத் தின்னும்போது அவன் பெயரையும் சேர்த்துத் தின்கிறான். அதனால்தான் யாருக்கும் நினைவில்லை. எங்களுக்கும் இல்லை. நாங்கள் கத்தினாலும் கட்டியவள் காதில் விழாது, நீ பக்கத்து வீட்டுக்காரி என்பதால்தான் கேட்கிறது."

எங்சூ திரும்பிப் பார்த்தாள். "மூன்று கல் மொட்டையாக இருக்கிறதே, அண்ணா."



"முதலில் மொட்டையானது எனக்குப் பக்கத்துக் கல். அங்கே ஒருத்தன் இருந்தான். பெயர் வரவில்லை, முகம் வரவில்லை. ஆனால் அவன் வாய் ஓயாமல் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். 'எங்சூ வருவாள், அவள் கை பட்டால் வலிக்காது' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நீ வந்தாய்."

எங்சூ அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரு முகமும் நினைவு வரவில்லை, அழுவதற்கு ஓர் ஆளே மனசில் இல்லை. வாசலில் கிடந்த செருப்பு நினைவு வந்தது. சட்டியின் ஓரத்தில் மொறுமொறுவென்று சிவந்தது நினைவு வந்தது. இரண்டு கையையும் சேற்றில் அழுந்தத் தேய்த்தாள். அலை திரும்பி வரும் சத்தம் கேட்டபோதுதான் நிமிர்ந்தாள்.

"இதை உடைக்க வழி உண்டா, அண்ணா?"

"வெயிலில் இந்தக் கற்கள்மேல் படுத்துத் தூங்குவான். தூக்கத்தில் புலம்புவான். 'பெயரை விடாதே, பெயரை விடாதே' என்று. தின்ற பெயர் அவன் வாயாலேயே வெளியே வந்தால் அவன் கூடு வெறுங்கூடு. இன்னொன்று. விருந்தாளியாய் வந்தவன், வீட்டுக்காரி வாய்விட்டுச் சொன்ன வழக்கத்தை மீறினால் அங்கே ஒரு வாய் தின்ன முடியாது அவனுக்கு. இதற்குமேல் எனக்குத் தெரியாது."

எங்சூ சிப்பியை மெல்ல, வேரோடு பெயர்ப்பதுபோல் பெயர்த்தெடுத்தாள். மடியில் கட்டிக்கொண்டு வீடு வந்தாள். சியூலான் வீட்டுத் தண்ணீர் ஜாடியில் கடல்நீர் ஊற்றி அதை உள்ளே விட்டாள். பிறகு கிம்போவையும் தாய்ஹோங்கையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"ஒன்றும் கேட்காதீர்கள். என்னோடு உட்காருங்கள். என்ன நடந்தாலும் எழுந்துபோகாதீர்கள்."

அடுப்பில் ஆலிவ் கொட்டைக் கரி கனன்றது. சட்டியில் கொழுப்பு, மாவு, முட்டை, வெங்காயத்தாள். சிப்பி மட்டும் இல்லை. வாசனை என்னவோ அதே வாசனைதான். அடையைத் தட்டில் வைத்து மூடினாள். கூஜாவில் கொதிநீர் ஊற்றினாள்.

வாசனையைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்குடைக்காரன் எங்சூ வீட்டுக்கே வந்தான். இப்போது பார்க்க அழகான வாலிபன். குடையை மடக்கி வைத்தான்.

"இது சியூலான் வீட்டு முறை அல்லவா?"

"அக்காவுக்கு உடம்பு சரியில்லை, ஐயா. அவர் கையால் சுட்ட அடைதான், இங்கே எடுத்து வந்து வைத்தேன். உட்காருங்கள்."

அவன் மூக்கு விரிந்தது. "சிப்பியைத் திற, சட்டியில் போடு..." என்று முணுமுணுத்துக்கொண்டே மூடிக்குக் கை நீட்டினான். எங்சூ தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"தேநீர் முதலில், ஐயா."

"சாப்பிட்டபின் பார்க்கலாம்."

"அன்றைக்கு விட்டுவிட்டேன், இன்றைக்கு முடியாது. என் வீட்டில் தேநீர் முதலில். வேண்டாம் என்றால் பரவாயில்லை, விட்டுக்கொடுக்கலாம். ஆனால் யாருக்கு என்று பெயர் சொல்லி விட்டுக்கொடுக்க வேண்டும். ஆண்பிள்ளைக் கோப்பை ஆண்பிள்ளைக்குத்தான் போகும். இது என் வீட்டு வழக்கம்."

அவன் அவளை முறைத்தான். தேநீரில் ஆவி பறந்தது. அவனுக்குச் சூடு ஆகாது. சூடு பட்டால் எந்தச் சிப்பிதான் மூடிக்கொண்டிருக்கும்? வழக்கத்தை மீறவும் முடியாது, மீறினால் தட்டைத் தொட முடியாது. யாராவது ஒருவன் பெயரைச் சொல்லித் தொலைக்கலாம் என்று பார்த்தான். அவனுக்குத் தெரிந்த ஆண்பிள்ளைப் பெயர்களோ அவன் தின்ற பெயர்கள்தான். வேறு பெயரை அவன் எங்கே கற்றான்? வாசனை அவன் வயிற்றைப் பிசைந்தது.

'மூன்றில் ஒன்று போனால் என்ன, இன்னும் கல் நிறைய இருக்கிறதே' என்று நினைத்துக்கொண்டான்.

"இந்தக் கோப்பை லாவ்பெங்குக்கு" என்றான்.

தாய்ஹோங் வீல் என்று அலறினாள். அவள் கண்முன்னே அவள் புருஷன் முகம் வந்து நின்றது. "ஐயோ, என்னவரே! நான் என்ன செய்தேன்!" எங்சூ அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். குடைக்காரனின் முடி பாதி நரைத்தது.

எங்சூ இரண்டாம் கோப்பையை முன்னால் வைத்தாள்.

"போதும்! தட்டைக் கொடு!"

"மூன்று கோப்பை, ஐயா. மூன்றும் முடிந்தால்தான் சாப்பாடு."

அவன் பல்லைக் கடித்தான். பசி வென்றது. "துவாசெங்குக்கு!"

கிம்போ அலறவில்லை. எழுந்து நின்றாள், அப்படியே மடங்கி விழுந்தாள். தரையில் முகத்தை வைத்து, "சட்டையைக் கிழித்துவிட்டேனே, சட்டையைக் கிழித்துவிட்டேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குடைக்காரனின் முதுகு கூன் விழுந்தது. கன்னம் ஒட்டியது.

மூன்றாம் கோப்பை.

இந்தத் தடவை அவன் சிரித்தான். பல்லில்லாத வாய்.

"உனக்கு எந்தப் பெயர் வேண்டும் என்று எனக்குத் தெரியும், பெண்ணே. நன்றாக யோசி. இவர்கள் படும் பாட்டைப் பார். இப்போது உனக்கு வலி இல்லை. நீ கைநேர்த்திக்காரி, வயசு இருக்கிறது, வேறு ஒருவனைக் கட்டிச் சுகமாக இருக்கலாம். அந்தப் பெயரை நான் சொன்னால் அவன் முகம் வரும். குரல் வரும். அந்தக் கத்தியைப் பிடித்த கை யாருடையது என்பதும் வரும். சாகும்வரை அது போகாது. இந்த ஒன்றை என் வயிற்றிலேயே விட்டுவிடு. உனக்காகத்தான் சொல்கிறேன்."

எங்சூ அழுதுகிடந்த இருவரையும் பார்த்தாள். கூஜா கையிலேயே இருந்தது. உண்மையைச் சொன்னால், ஒரு கணம் அவள் தயங்கினாள். யார்தான் தயங்கமாட்டார்கள்?

பிறகு சொன்னாள்: "அவர் என் கையால் செத்தார். அழவும் ஆளில்லாமல் போகக்கூடாது. கொடு."

"கொடுக்கமாட்டேன்!" என்றான் அவன். பெயரைச் சொல்வதைவிடச் சூடே மேல் என்று கோப்பையைப் பறித்து ஒரே மடக்காக விழுங்கினான்.

சூடு உள்ளே இறங்கியது. அவன் மார்பு நடுவில் ஒரு கோடு விழுந்தது. கோடு பிளவாயிற்று. இரண்டு பக்கமும் கதவுபோல் திறந்துகொண்டன. உள்ளே எலும்பில்லை, ரத்தமில்லை, கறுத்த சேறுதான். அந்தச் சேற்றிலிருந்து, ஆவி எழுவதுபோல், அவன் மறைத்துவைத்த பெயர் தானாக எழுந்தது.

"ஹாக்கெங்."

அது காதில் விழுந்ததும் அவளுக்கு எல்லாம் வந்தது. உயரம் வந்தது, சிரிப்பு வந்தது, கப்பலேறும்போது சொன்னது வந்தது. உள்ளங்கையில் அன்று பட்ட வெதுவெதுப்பும் வந்தது. எங்சூ கூஜாவைக் கீழே வைத்தாள். தன் கையைப் பார்த்தாள். பிறகு அவள் அழுத அழுகையை நான் சொல்லப்போவதில்லை. சிறுபிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாற்காலியில் ஒரு பெரிய வெற்றுச் சிப்பி கிடந்தது. வெள்ளைக்குடை உப்பாய்க் கரைந்து ஓடியது. அதே சமயம் பக்கத்து வீட்டில் ஜாடி வெடிக்கிற சத்தம், அடுத்தாற்போல் "ஏய் சியூலான், பயப்படாதே, நான்தான், ஒரு துணி கொடு!" என்று பெங்குவாட்டின் குரல். மணல்திட்டுக்கு அப்பால் கற்கள் ஒவ்வொன்றாகப் பிளந்தன. இடுப்பளவு சேற்றில் ஊர் ஆண்கள் எழுந்து நின்றார்கள், தலைமுடியில் கிளிஞ்சல் ஒட்டியிருக்க, வெயிலுக்குக் கண் கூச. பெண்கள் சேற்றில் விழுந்தடித்து ஓடினார்கள். மூன்று கற்கள் பிளக்கவில்லை.

கரையே சிரித்து அழுதது. எங்சூவும் கிம்போவும் தாய்ஹோங்கும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. மூவரும் தலையில் வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு நீர்முனைக்குப் போனார்கள். கடலில் போனவன் உடல் கிடைக்காவிட்டால், அவன் பெயரைச் சொல்லி உயிரை வீட்டுக்கு அழைப்பது அந்த ஊர் வழக்கம்.

"லாவ்பெங், வீட்டுக்கு வா!" என்றாள் தாய்ஹோங்.

"துவாசெங், வீட்டுக்கு வா!" என்றாள் கிம்போ. சின்ன மகள் அவள் பக்கத்தில் நின்று, "அப்பா, வா!" என்றாள்.

எங்சூ முழங்கால் அளவு நீருக்குள் இறங்கிக் கூப்பிட்டாள்.   "ஹாக்கெங், வீட்டுக்கு வா."

கடல் தாய் மாசோ அன்று சிரிக்கவில்லை. அலை ஒன்று ஓசையே இல்லாமல் ஏறி வந்தது. பின்வாங்கியபோது மணலில் மூன்று உடல்கள் கிடந்தன. சிதையாமல், ஒரு கீறல்கூட இல்லாமல், உறங்குகிற மாதிரி. கடல் தின்றதைத் திருப்பித் தருவதில்லை. அந்தக் கரைக்கு அன்று தந்தது.

எங்சூ புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "வலித்ததா?" என்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

பெங்குவாட்டும் மற்ற ஆண்களும் வந்து அவள் முன்னால் மண்டியிட்டார்கள். "எங்கள் உயிர் நீ கொடுத்தது, தங்கச்சி. என்ன வேண்டும், கேள். கப்பல் கேட்டாலும் தருகிறோம்."

"இவர்களைத் தூக்கத் தோள் கொடுங்கள் அண்ணா, போதும்" என்றாள் அவள்.

தோள் கொடுத்தார்கள். சொந்தத் தம்பிக்குச் செய்வதுபோல் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் துக்கத்துணி கட்டினார்கள். குன்றின்மேல், கடல் தெரிகிற இடத்தில், மூன்று குழி வெட்டினார்கள்.

எங்சூ நெடுங்காலம் கத்தியைத் தொடவில்லை. ஊர் அவளை உட்காரவைத்துச் சோறு போட்டது. கிம்போவும் தாய்ஹோங்கும் தங்கள் பண்டபாத்திரத்தோடு அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "நானும் சுட்டேன், நீயும் சுட்டாய். நமக்குள் யார் யாரைக் குற்றம் சொல்வது?" என்றாள் கிம்போ. மூவரும் ஒரே அடுப்பில் பொங்கினார்கள், கிம்போவின் மகளுக்கு மூன்று அம்மாக்கள் ஆனார்கள். பிறகு ஒருநாள் காலையில், வற்று இறங்கும் நேரத்தில், எங்சூ தானாக எழுந்து கூடையை எடுத்தாள். கடற்கரையில் பிறந்தவள் கடலோடு எவ்வளவு காலம் பிணங்குவாள்?

அந்த ஊரில் வருஷத்துக்கு ஒருநாள் மூதாதையர் கல்லறைக்குப் புல் செதுக்கும் நாள் உண்டு. அன்று கல்லிலிருந்து மீண்ட ஆண்களும், அவர்கள் பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும், தங்கள் தகப்பன் பாட்டன் கல்லறைக்குப் போகுமுன் அந்த மூன்று கல்லறைக்குத்தான் முதலில் போவார்கள். புல்லைச் செதுக்கி, மண்ணை ஏற்றி, மூன்று பெயரையும் உரக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறகுதான் மற்றதெல்லாம்.

கதை கரை சேர்ந்தது. கேட்ட நீங்களும் கரை சேருங்கள்.